அரவேணு பேனரை நான் ஏன் இறக்க மாட்டேன்

யோகா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ ஒரு குளிர் தேசத்து மலைக்கு அடியில் சுரங்கத்தில் போய் உட்காருவாய் என்று சொன்னேன், உட்கார்ந்தாய். உன் பெட்டிக்குள் எதுவோ தட்டும் என்று சொன்னேன், தட்டியது. தட்டியது நீ தேடிய ஆள் இல்லை என்பது கடைசியில்தான் தெரியும் என்றும் சொன்னேன். இதைச் சத்தமாகச் சொல்லவில்லை, மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், அதனால் சாட்சி இல்லை. ஆனால் ஸ்க்ரூவை லூசு பண்ணு என்று சொன்னதற்கு நீயே சாட்சி. இப்போது நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று தோழி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாய். இது ஒன்றை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் சொல்லாதது நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. ஒரு பிரதி உனக்கு. இன்னொரு பிரதி அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கந்தசாமியின் டீக்கடைச் சுவருக்கு. பேனரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் டீ குடிக்கிறார்கள், இதையும் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். நான் ஏழாவது வரைதான் படித்தவன் என்று கந்தசாமி சொல்லித் திரிகிறான். ஆறாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. ஊரில் வேறு யாருக்கும் ஆறாம் வகுப்புப் பாடம் என் அளவுக்கு வராது. உன்னைப் பெற்றவர் நீ மூன்றாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் 'தகப்பனார்' என்று போட்டிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான். நீ என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாய். இருந்தாலும் இது ஒரு தகப்பன் எழுதுகிற கடிதம், அப்படி நினைத்தே படி.

முதலில் பேனர் விஷயத்தைப் பேசி முடிப்போம். போன மழைக்காலத்தில் நீ போன் செய்தாய். உன் குரலே உன் குரலாக இல்லை. "சித்தப்பா, ஏதோ தட்டுதுங்க. சின்னச் சின்னதா, நெறைய. என்னன்னு இன்னும் தெரியல. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றாய். நீ சொன்னபடியே நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேனர்தான் வைத்தேன். கோத்தகிரியில் கொடுத்து அடித்தது, காற்றடித்தாலும் கிழியாத நல்ல சாமான். 'கரும்பொருளைக் கண்டுபிடித்த எங்கள் அரவேணு மகள் யோகேஸ்வரிக்கு வாழ்த்துகள்.' உன் படம் ஒன்றுதான் கையில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் எடுத்தது, பெரிதாக்கினால் கலங்கிப் போகும் என்று அடிக்கிறவன் சொன்னான். அதனால் உன்னைச் சின்னதாகவும் என்னைப் பெரிதாகவும் போட வேண்டியதாயிற்று. கறுப்புக் கண்ணாடி அவன் யோசனை. இதில் என் விருப்பம் என்று எதுவும் இல்லை.

வைத்த அன்றைக்கே கந்தசாமி ரோட்டைத் தாண்டி வந்து கீழே நின்று படித்தான். "ஏனுங்கண்ணா, இந்தக் கரும்பொருள்னா என்னங்க? கஞ்சா கிஞ்சாங்களா? போலீசு வந்து எங்கடையில கேட்டா நான் என்னன்னு சொல்றது?" அவனையும் கடையில் இருந்தவர்களையும் உட்கார வைத்து நான் விளக்கினேன். நீ எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன், கொஞ்சம் மெருகு மட்டும் என்னுடையது. நட்சத்திரக் கூட்டங்கள் சுற்றுகிற வேகத்துக்கு, அவற்றைச் சிதறாமல் பிடித்து வைக்கக் கண்ணுக்குத் தெரிகிற சரக்கு போதாது. தெரியாத ஏதோ ஒன்று உள்ளே இருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் கரும்பொருள் என்று பேர். அது கனமான ஆளாக இருக்கும் என்று நினைத்து முன்னால் இருந்தவர்கள் நெடுங்காலம் தேடினார்கள், சிக்கவில்லை. ஒருவேளை மிக லேசான ஆளோ என்று என் பிள்ளையும் அவள் கூட்டாளிகளும் தேடுகிறார்கள். "லேசான ஆள் வந்து மோதுனா எப்படித் தெரியும்? தேயிலைக் கொழுந்து லாரி மேல கொசு மோதுனா டிரைவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாதுங்க" என்றான் கந்தசாமி. "அப்ப, கொசு மோதுனாலே பதறிப்போற லாரி ஒண்ணு வேணும். அதைத்தான் எங்க யோகா செஞ்சு வெச்சிருக்கா" என்றேன். கந்தசாமி எனக்கு இன்னொரு டீ போட்டான். அன்றைக்கு டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். சரி, மறுக்கவில்லை, ஆனால் மறுப்பதைப் போல ஒரு முகம் வைத்திருந்தான்.

அந்த லாரிக்கு மீக்கடத்தி என்று பேர் சொன்னாய். சில உலோகங்களைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மின்சாரம் தடையே இல்லாமல் அவற்றுக்குள் ஓடுமாம். அந்தக் கட்டத்தின் விளிம்பிலேயே, இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் நிறுத்தி வைத்தால், ஒரு துளி சூடு பட்டாலும் தடை சட்டென்று எகிறும். எகிறினால் யாரோ தட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குண்டு பல்பில் எரிந்த டங்ஸ்டனையும் சோற்றுப் பானை அலுமினியத்தையும் ஒரு படிகத்தின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசி, ஆகாயத்தைவிடக் குளிர்ந்த பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். நீ இதைச் சொன்னபோது மற்றதெல்லாம் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் ஒன்றை நிறுத்தி வைத்தால் அது எப்படிப் பதறும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி விட்ட பிறகு மண்டபம் முகாமில் கிடந்தவன் நான். அந்தக் கரையில் எங்களை முடித்துவிட்டார்கள், இந்தக் கரையில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அங்கே ஒரு ஆள் இருமினால்கூட நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம், நம் பேரைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று. உன் மீக்கடத்தியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அது எனக்கு ஒரு வகையில் சொந்தக்காரன்.

பிறகு நீ லீவில் வந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீ பார்த்த முதல் முகம் என்னுடையது, பேனரில். உன் முகம் போன போக்கை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாய்: "அது கரும்பொருள் இல்லீங்க சித்தப்பா. படிகத்த அசையாம இருக்கணும்னு இறுக்கிப் புடிச்சு வெச்சிருந்தோம். புடிச்ச எடத்துல அதுக்குத் தாங்கல. உள்ளுக்குள்ளயே நெரிஞ்சு நெரிஞ்சு தளர்ந்திருக்குது. அந்தச் சத்தத்தத்தான் இத்தன நாளா கேட்டுட்டு இருந்திருக்கோம். எங்க கையோட சத்தத்த நாங்களே கேட்டிருக்கோம்." நான் உடனே, ஒரு நொடி யோசிக்காமல், "ஸ்க்ரூவை லூசு பண்ணு" என்றேன். அந்த லீவு முழுக்க நீ சிரித்தது அப்போது ஒரு தடவைதான். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் நான் சொல்கிற வைத்தியம் இது ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும். கிரைண்டருக்கும் இதைத்தான் சொன்னேன், அதன் கல் கழன்று போய் உன் அம்மாவின் காலருகே விழுந்தது. தேயிலைப் பேக்டரியில் ரோலருக்கும் இதையே சொல்லி ஒரு வாரம் என்னை வெளியே நிறுத்தினார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் நீயே என்ன சொன்னாய்? "கிட்டத்தட்ட அதேதாங்க சித்தப்பா. அடுத்த தடவ இறுக்கிப் புடிக்காம மெல்லிசுக் கம்பியில தொங்கவிடப் போறாங்க." அதாவது ஒரு மலைக்கு அடியில் இருக்கும் அத்தனை படிப்பாளிகளும் சுற்றி வளைத்துக் கடைசியில் என் வழிக்கு வந்திருக்கிறார்கள். தொங்கவிடப் போறாங்க என்றாய், பார். போறோம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ விட்டுவிட்டாய் என்று.

அடுத்த வாரம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதே, நான் தொங்கவிடுகிற விஷயத்தைப் பெருமையாகச் சொல்லப்போய் மற்றதும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. கந்தசாமி இப்போது நான் கடைப்பக்கம் போனாலே ஆரம்பிக்கிறான். "ஏனுங்கண்ணா, அந்தச் சாமான் கெடச்சுதுங்களா, இல்ல மறுக்கா தொலஞ்சு போச்சுங்களா?" அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, நீங்க வெச்ச பேனராலதான் புள்ள ரோட்டுல தலையத் தூக்கிட்டு நடக்க முடியல. கெடைக்காத சாமானத் தேடித் தேடி அவளும் எளச்சுப் போனா. கோயமுத்தூர்ல வேல குடுக்கறாங்க. கம்முனு போகட்டும் உடுங்க." நீ தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா சொல்றது சரிங்க சித்தப்பா. ஒண்ணுமே கெடைக்கல. பேனர மொதல்ல கழட்டுங்க" என்றாய். மறு நாள் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாய். மாத முடிவுக்குள் வருகிறாயா இல்லையா என்று அந்தச் சுரங்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள், நீ இன்னும் பதில் எழுதவில்லை என்று அம்மா மூலமாகத்தான் எனக்குத் தெரியும்.

கேட்டுக்கொள். பேனரை இறக்க மாட்டேன். கம்பெனி வேலை கெட்டது என்று நான் சொல்லவில்லை. உனக்கு அது பிடித்திருந்தால் நானே வந்து உன் மேசைக்கு மாலை போட்டுவிட்டு வருவேன். ஆனால் நீ பிடித்துப்போய்ப் போகவில்லை, கூசிப்போய்ப் போகிறாய். கூசுகிறவள் என் வீட்டில் வளர்ந்தவளாக எப்படி இருக்க முடியும்? ஊரிலேயே பெரிய மூஞ்சியைப் பேனரில் வைத்துவிட்டு அதற்குக் கீழேயே நின்று தினமும் டீ குடிக்கிறேன் நான். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னாயே, அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. தேடிக் கிடைக்காமல் போவது என்றால் என்னவென்று இந்த நீலகிரியில் என்னைவிடத் தெரிந்தவன் இருந்தால் வந்து என் எதிரே நிற்கட்டும்.

நெல்லியாளம் கதை உனக்குத் தெரியும். நீ சோறு உண்ண அடம் பிடித்த நாளெல்லாம் அதைத்தான் சொல்லி ஊட்டினேன். ஆனால் நீ கேட்டதெல்லாம் கதையின் வால்தான், யானை வருகிற இடமும் உன் அப்பாவின் தலை திரும்புகிற இடமும். அதற்கு முன்னால் கிடைக்காமல் போன தோட்டங்களை நான் உனக்கு விவரமாகச் சொன்னதில்லை. ஒன்றும் கிடைக்காத இடத்தைக் கதையில் யார் சொல்வார்கள்? இப்போது சொல்கிறேன்.

என் அண்ணன் ராமையா எனக்கு முந்தைய கப்பலில் வந்தார். மண்டபத்தில் எனக்காகக் காத்திருப்பதாகப் பேச்சு. நான் வந்து இறங்கியபோது அவரை ஏற்கெனவே மலைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த மலை என்று கேட்டால் நீலகிரி என்றார்கள். நீலகிரி என்பது ஏதோ ஒரு தோட்டத்தின் பேர், போய்க் கதவைத் தட்டினால் அண்ணன் வந்து திறப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி, குன்னூர் வளைவில் பஸ் திரும்பியபோது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. ஒவ்வொரு சரிவிலும் ஆட்கள். வாய்விட்டு ஐயோ என்று சொல்லிவிட்டேன். இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, அந்தப் பஸ்ஸில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

பேரைச் சொல்லித் தேடலாம் என்று பார்த்தால் ராமையா என்ற பேரில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆள். ஒரு தோட்டத்தில் ராமையா என்று கூப்பிட்டதற்கு ஒரு கூட்டமே வந்து நின்றது, அதில் ஒருவர் வேலை கேட்டு என் பின்னாலேயே வந்துவிட்டார். ஆகவே வேறு வழி செய்தேன். எங்கள் சிலோன் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையை மடுவம் என்போம். ஆட்களை மடுவத்துக்குக் கூப்பிடுகிற வேலை எங்கள் அப்பாவுக்கு. அவர் விசில் நீளமாக ஒன்று போய், நடுவில் முறிந்து, பிறகு குட்டியாக ஒன்று வரும். அப்படி அடிக்க இந்த உலகத்தில் அவருக்கும் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். காலையில் பெயர் கூப்பிட ஆட்கள் கூடுகிற பிரட்டுக் களத்துக்கு மேலே ஒரு மேட்டில் போய் நிற்பேன். விசில் அடிப்பேன். யாருடைய தலை திரும்புகிறது என்று பார்ப்பேன்.

முதலில் என்ன ஆயிற்று தெரியுமா? எல்லாத் தலையும் திரும்பியது. எவனோ ஒருவன் மேட்டில் நின்று விசில் அடித்தால் மனுஷன் திரும்பத்தானே செய்வான்? கங்காணி கல்லை எடுத்துக்கொண்டு வந்தார். அங்கேதான் நான் ஒரு பாடம் கற்றேன். முதல் விசிலுக்குத் திரும்புகிற தலை கணக்கே இல்லை. இவன் ஏதோ கிறுக்கன் என்று எல்லோரும் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள் இல்லையா, அந்த இரைச்சல் அடங்கி, கூடை உரசுகிற சத்தமும் நின்ற பிறகு மெதுவாக இரண்டாவது விசில் அடிக்க வேண்டும். அதற்குத் திரும்புகிற தலைதான் தலை. நீங்கள் பெட்டியை அவ்வளவு குளிர வைப்பதும், ஒரு மலையையே மேலே கவிழ்த்துக்கொள்வதும் வேறு எதற்கு? இரைச்சல் அடங்கத்தானே? நீ அதைச் சொன்னபோது நான் தலையை ஆட்டினேனே, விளங்காமல் ஆட்டியதாக நினைத்தாய். விளங்கித்தான் ஆட்டினேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் நின்று இரண்டாவது விசிலை அடித்தேன். பதில் வந்தது. நீளமாக ஒன்று, முறிவு, குட்டியாக ஒன்று. யோகா, அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்ததில்லை. நேரே ஓடியிருக்கலாம். நான்தான் நான் ஆயிற்றே, முதலில் ரோட்டோர டீக்கடைக்குப் போய் எங்கண்ணன் கிடைச்சிட்டார் என்று கத்தினேன். அந்தக் கடைக்கார அம்மா சந்தோஷப்பட்டு எனக்கு ஒரு பன்னும் என் அண்ணனுக்கு ஒரு பன்னும் கொடுத்தார்கள். இரண்டு பன்னோடு தேயிலைக்குள் விழுந்து எழுந்து, சட்டை கிழிந்து எதிர்ச் சரிவுக்குப் போய்ப் பார்த்தால், அங்கே ஒரு பாறை. இத்தனை பெரிய, மொட்டைப் பாறை. அதன் முன்னால் நின்று மறுபடி விசில் அடித்தேன். என் காதுக்குள்ளேயே திருப்பி அடித்தது.

திரும்பி வந்தபோது அந்த அம்மா கேட்டார்கள்: "ஏனுங் தம்பி, அண்ணன் எங்கீங்க?" பாறையைக் காட்டினேன். கடையே சிரித்தது. "உங்கண்ணன் பாறைக்குள்ளயா குடியிருக்காரு? கதவு எந்தப் பக்கமுங்க?" நானும் சிரித்தேன். அண்ணனுக்கு என்று கொடுத்த பன்னையும் அங்கேயே உட்கார்ந்து நானே தின்றேன், அவர்கள் பார்க்கப் பார்க்கத் தின்றேன். அடுத்த நாள் வேறு தோட்டம் போனேன். அன்றிலிருந்து பாறை இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் விசில் அடிப்பேன். இப்போது சொல், உன் படிகம் நெரிந்த சத்தத்துக்கும் என் பாறைக்கும் என்ன வித்தியாசம்? என் சத்தத்தை நானே கேட்டேன். உன் கைப்பிடியின் சத்தத்தை நீயே கேட்டாய். நான் ஊருக்கு முன்னால் பன் தின்றேன், உனக்கு ஊருக்கு முன்னால் ஒரு பேனர். நீ வெட்கப்பட்டு வேலையை விடுகிறாய். நானும் அன்றைக்கு வெட்கப்பட்டு அந்தக் கடையிலேயே கிளாஸ் கழுவப் போயிருந்தால், அரவேணுவில் உனக்குப் பேனர் வைக்க யார் இருந்திருப்பார்?

குன்னூர்ப் பக்கம் பார்த்தேன், இல்லை. ஊட்டிக்குப் பின்னால் பார்த்தேன், இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் எனக்கு ஒரு தோட்டத்தைக் குறைத்துக் கொடுத்தது, மலை அந்த அளவுக்குச் சின்னதாயிற்று. நீகூட ஒரு படம் காட்டினாயே, கோடு கோடாகப் போட்டு, இந்தக் கோட்டுக்கு மேலே இல்லை என்று மட்டும் தெரியுங்க சித்தப்பா, இனி கீழேதான் தேடணும் என்று. அதைச் சொல்லும்போது ஏன் அவ்வளவு வாடிப்போய்ச் சொன்னாய்? அது பெருமையாகச் சொல்ல வேண்டிய விஷயம். இந்தக் கோத்தகிரி மலையில் என் அண்ணன் இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடியவன் அன்றைக்கு நான் ஒருவன்தான்.

கடைசியில் கூடலூர் வழியாகத் தேவாலா. அங்கே மழை என்றால் அது நம் அரவேணு மழை இல்லை, ஆளையே படுக்கப் போடுகிற மழை. இடுப்புக்குக் கட்டுகிற படங்குச் சாக்கை எல்லோரும் தலையில் போட்டிருந்ததால் தலை எது, கூடை எது என்றே தெரியவில்லை. அட்டை கடித்த ரத்தத்தில் ரப்பர் செருப்பு வழுக்கியது. வழியில் யானை மறித்தது. உனக்குச் சொல்லும்போது யானை ஒவ்வொரு வருஷமும் குட்டி போட்டுக்கொண்டே போனதை ஒப்புக்கொள்கிறேன், உண்மையில் யானை ஒன்றுதான். தோட்டத்துத் துரை எனக்கு சல்யூட் அடித்ததும் இல்லை. நெல்லியாளத்தில் ஒரு பிரட்டுக் களத்தில், தகரக் கூரையில் மழை கொஞ்சம் மட்டுப்பட்ட நேரமாகப் பார்த்து அடித்தேன். எல்லோரும் திரும்பினார்கள், ஏசினார்கள், கூடையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். இரண்டாவது விசில் அடித்தேன். ஒரு தலை நின்றது. படங்கை விலக்கித் திரும்பிப் பார்த்தது. அவர்தான் ராமையா, உன் அப்பா. நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் உன் அப்பா மறுத்ததும் இல்லை, ஆமாம் என்றதும் இல்லை. "உங்க சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு விறகு பார்க்க எழுந்து போய்விடுவார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அந்தச் சுரங்கத்துக்காரர்களுக்கு வருகிறேன் என்று எழுது. கம்பியில் தொங்கவிடுகிற வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதே, ஸ்க்ரூவைப் பற்றி முதலில் சொன்னது நம் குடும்பம். சிரிக்கிறவர்களுக்கு அவர்கள் எதிரிலேயே நின்று பன்னைத் தின்று காட்டு. உள்ளே இறங்கியதும் ஒரு தடவை அப்பாவின் விசிலை அடித்துப் பார், உனக்கும் நான்தானே சொல்லித் தந்தேன். உடனே பதில் வந்தால் மட்டும் நம்பாதே, அது பாறை. அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நினைக்காதே. நேற்று உன் கம்பளிச் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப் போட்டிருக்கிறாள். கோயம்புத்தூர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்டேன். "கம்முனு இருங்க" என்றாள்.

பேனரை இறக்கவில்லை என்றாலும் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். கோத்தகிரிக்காரனை வரவழைத்து, 'கண்டுபிடித்த' என்ற இடத்தில் 'தேடிக்கொண்டிருக்கும்' என்று அடித்து மேலே ஒட்டச் சொன்னேன். அந்த வார்த்தை நீளமானது. என் முகத்தில் பாதியும் கறுப்புக் கண்ணாடியில் ஒரு பக்கமும் மறைந்து போய்விட்டன. கந்தசாமி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இப்ப சரியா இருக்குதுங்கண்ணா" என்றான். முகம் மறைந்ததைச் சொன்னானா, வார்த்தையைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

இனி ஒன்றே ஒன்று. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். டீக்கடைச் சுவரில் ஊரே படிக்கப் போகிறது என்றும் சொன்னேன், படிக்கட்டும் என்றாள். நெல்லியாளத்தில் ஒரு தலை திரும்பியது உண்மை. அவர் பேர் ராமையா என்பதும் உண்மை. அவர் என் அண்ணன் என்பது மட்டும் நானாகச் சொன்னது. மழையில் நனைந்துகொண்டே மேட்டுக்கு வந்து, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். அதற்கு முன் நான் பார்த்தறியாத ஆள். இந்த விசில் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "விசில் எல்லாம் எனக்குத் தெரியாது. எங்க தோட்டத்துல மடுவத்துக்கு மணிதான் அடிப்பாங்க." பிறகு ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டேன். "ரெண்டாந்தரமும் அடிச்சீங்க. ஒருத்தரும் திரும்பல. பாவமா இருந்துச்சு" என்றார். படங்கில் பாதியை என் தலைமேல் போட்டுவிட்டு, "மழை விடுற வரைக்கும் லயத்து வீட்டுல வந்து இருங்க, உலையில அரிசி போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார். பிறகு இருவருமாகப் பேக்டரி வேலைக்கு அரவேணு வந்தபோது, இவர் யார் என்று கேட்டவர்களிடம் என் அண்ணன் என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அவள் கேட்டது இதுதானாம்: "அது சரிங்க, சோறு எத்தன பேருக்கு வெக்கறது?"

கூடப் பிறந்த ராமையாவை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். புது ஊருக்குப் போனால் இப்போதும் ஒரு தடவை விசில் அடிக்கிறேன், பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நெல்லியாளத்தில் அந்த வருஷம் மழை கொஞ்சம் நீண்டுவிட்டது. விட்ட பிறகும் நான் கிளம்பவில்லை, அவரும் கிளம்பச் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு என்னைச் சித்தப்பா என்று கூப்பிடலாமா என்று நீ யோசித்தாய் என்று கேள்விப்பட்டால், கோயம்புத்தூருக்கே வந்து உன் தோழியின் வாசலில் நின்று விசில் அடிப்பேன்.

மற்றபடி இதில் எழுதியது எல்லாம் உண்மை, யானை உட்பட.

உன் சித்தப்பா